தவக்காலத்தில் கிறுக்கியவை

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வேன். பின்கண்ணாடி முழுக்க 91ஆம் சங்கீதம். வண்டிக்குப் பாதுகாப்பு.

பாலைவனத்தில் சாத்தான் எடுத்துப் பேசியதும் அதே 91தான். மத்தேயு 4. கோயில் உச்சியில் நிற்கவைத்து, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று.

வேன்காரரிடம் சொல்லவில்லை. எதற்கு.

அந்த 40 நாளுக்குச் சாட்சி கிடையாது. சீடர்களை இயேசு இன்னும் கூப்பிடவே இல்லை. அப்படியென்றால் பிறகு எப்போதோ, அவரே யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இப்படியெல்லாம் வந்தது, இப்படியெல்லாம் கேட்டான் என்று.

வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார்.

மத்தேயுவில் வரிசை: அப்பம், கோயில், உலக அரசுகள். லூக்காவில்: அப்பம், அரசுகள், கோயில். மாற்கு இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் காட்டு விலங்குகளும் கூட இருந்தன என்று அவர் மட்டும்தான் எழுதுகிறார். யோவான் வாயே திறக்கவில்லை.

நமக்கு வருகிறதெல்லாம் அவருக்கும் வந்தது, பாவம் மட்டும் செய்யவில்லை என்பது எபிரேயர் நிருபத்தின் கட்சி. இந்த ஒரு இடம் இல்லாவிட்டால் சோதனை வேறு, பாவம் வேறு என்ற பேச்சே எழாது. வருவதே பாவம் என்றால் அவரும் மாட்டிக்கொள்வார்.

 

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி. கோயில் வராந்தா. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சிஸ்டர், தட்டுல வடை இருக்குது. எடுக்கணும்னு ஆசையா இருக்குது. ஆனா எடுக்கல. பாவமா?"

"இல்லப்பா. ஆசை வர்றது பாவம் இல்ல. எடுத்தாத்தான்."

"அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க சிஸ்டர். அதனாலதான் எடுக்கல."

சிஸ்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு பாட்டு.

அகுஸ்தீன் இதற்கு மூன்று படி வைத்திருக்கிறார். நினைப்பு வருவது. அது இனிப்பது. அதற்குச் சம்மதிப்பது. சம்மதித்தாகிவிட்டது என்றால் கை நீளாவிட்டாலும் கணக்கு ஏறிவிடும். பையன் விஷயத்தில், அம்மா அடுக்களைக்குள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பொறுத்தது.

நடுப்படிதான் வம்பு. இனிக்கிறது, ஆனால் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம்?

வள்ளுவர் நிற்கவே விடுவதில்லை. குறள் 282. அடுத்தவர் பொருளைத் திருட நினைப்பதே தீது. வந்துபோன நினைப்பா, முடிவுகட்டிய நினைப்பா? உரைகளைப் பார்க்கணும்.

சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனை. விஷயம் கனமாக இருக்க வேண்டும். பாவம் என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். முழுச் சம்மதம் வேண்டும். அறிவிலோ சம்மதத்திலோ குறை இருந்தால் அற்பப் பாவம்.

தலையான பாவங்கள் ஏழு. அகங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். பாட்டிமார் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். போசனப்பிரியம் வரும்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும்.

யாக்கோபு இதைப் பிரசவமாகவே சொல்கிறார். ஆசை சூல்கொள்கிறது. பாவம் பிறக்கிறது. அது வளர்ந்து ஆளானதும் தன் பங்குக்குச் சாவைப் பெறுகிறது.

1530, அவுக்ஸ்புர்க் அறிக்கை, லுத்தரன்காரர்களுடையது: உள்ளே ஊறிக்கிடக்கிற இச்சையே பாவம்தான்.

1546, திரெந்து பொதுச்சங்கம், கத்தோலிக்கருடையது: ஞானஸ்நானத்துக்குப் பிறகும் இச்சை தங்கும், ஆனால் அது பாவம் இல்லை. நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் சருகு, அவ்வளவே.

விழுப்புரம் பக்கம் இரண்டு தரப்பும் உண்டு. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர். டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையார். ஒரே ஊர். ஒரே ஞாயிறு. ஒரே நினைப்பு. ஒருவர் இன்னும் குற்றம் செய்யவில்லை. மற்றவர் பிறந்ததிலிருந்தே செய்துகொண்டிருக்கிறார்.

லுத்தரன் தரப்பில் கேட்டால், பாவம்தான், ஆனால் விசுவாசிக்கு அது கணக்கில் எழுதப்படாது என்பார்கள். அதுவும் ஒரு நிம்மதி.

நகைக்கடை வாசலில் ஒரு அக்கா. முழு இரவு ஜெபத்துக்குப் போய் வந்த களைப்பு முகத்தில். ஜன்னல் ஆரத்தைப் பார்த்து வாய்க்குள் சாத்தானை விரட்டினார். விரட்டிவிட்டு உள்ளே போனார். நகைச்சீட்டுக் கட்டக் கடைசி நாளாம்.

செஞ்சி. திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர். பக்கத்தில் பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்ட இடம்.

57. 40 இல்லை.

கல்லை அப்பமாக்கு என்று யாராவது வந்து கேட்டார்களா? கல்வெட்டில் அது இல்லை. பெயர், நாள் கணக்கு, முடிந்தது.

எகிப்துப் பாலைவனம், 4ஆம் நூற்றாண்டு. எவாக்ரியுஸ் என்ற துறவி, துறவிகளைப் பிடிக்கும் கெட்ட நினைப்புகளை எட்டாகப் பட்டியல் போட்டார். எட்டில் மோசமானது மத்தியானப் பேய். காலை 10 மணி சுமாருக்கு வரும், 2 மணி வரை இருக்கும். அது செய்கிற வேலை: சூரியனை நகரவிடாமல் வைப்பது. துறவி வாசலுக்கு வந்து வந்து பார்ப்பார், சாப்பாட்டு வேளை ஆயிற்றா என்று. பகல் 3 மணிக்குத்தான் சாப்பாடு.

நினைப்பு வருவது நம் கையில் இல்லை, அது தங்குவது நம் கையில் என்றவரும் இவர்தான்.

மத்தியானப் பேய்க்குப் பெயர் கிடைத்ததும் 91ஆம் சங்கீதத்திலிருந்து.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. வெயில். 10 முதல் 2. சூரியன் நகரத்தான் மாட்டேன் என்கிறது.

டாஸ்மாக் திறப்பது பகல் 12. மூடுவது இரவு 10. 2003இலிருந்து சில்லறை விற்பனை அரசாங்கத்தின் கையில்.

11.40க்கே ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் கழுத்தில் ஜெபமாலை. பேச்சுக் கொடுத்தேன். தவக்காலத்துக்குக் கறி விட்டிருக்கிறாராம்.

கறிதான்.

உத்தம மனஸ்தாப மந்திரத்தில், பாவத்துக்கு இழுக்கிற இடங்களையே விட்டு விலகுவேன் என்று வாக்குக் கொடுக்கிற கட்டம் ஒன்று உண்டு. கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே இருந்தால் எந்தப் பக்கம் விலகுவது.

அடுத்தவனை இடறவைக்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவது அவனுக்கே நல்லது. மத்தேயு 18. வீட்டில் பெண்கள் கையால் சுற்றுகிற சின்னக் கல் இல்லையாம். கழுதை பூட்டிச் சுற்றும் பெரிய கல்.

மே 2023. மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம், மீனவர் ஊர். விஷச்சாராயம். செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்து 20க்கு மேல். சாராயமே இல்லை, ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால் என்றது போலீஸ்.

மெத்தனால் நேராகக் கொல்வதில்லை. ஈரல்தான் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. பார்வை மங்கும். அப்புறம் மற்றதெல்லாம். மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது சாதாரணமாகக் குடிக்கிற அதே சாராயம். ஈரல் அதைக் கவனிக்கப் போய்விடும். அந்த நேரத்தில் மெத்தனாலை மாற்றாமலே உடம்பை விட்டு வெளியேற்றிவிடலாம்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிப் பக்கம் டீக்கடை.

"குடிச்சிட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சம் நிவாரணமா?"

"ஏன், நீ குடிக்க மாட்டியா?"

"நான் கவர்மென்ட் கடையில வாங்கிக் குடிக்கிறேன்."

ஆகஸ்ட் கடைசியில் அதே மரக்காணம் வழியாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில், வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். காவி உடை. தள்ளுவண்டியில் மாதா, சீரியல் பல்பு, ஜெனரேட்டர். விரத நாளில் குடி கிடையாது. செப்டம்பர் 8 பெருவிழா வரை.

"ஒன்பதாந்தேதி?"

நடந்துகொண்டே சிரித்தார். "அண்ணே, முதல்ல எட்டாந்தேதி வரட்டும்ணே."

புதுச்சேரி, அக்டோபர் 1745. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்து ஒரு சுவர். பறையர்கள் முறையிட்டார்கள். சுவரை எடுத்தார்கள்.

அந்தச் சமயத்திலேயே இன்னொன்று. முதலியார் வீட்டுப் பெண் ஒருத்தி பூசைக்கு வந்து முழங்காலிடுகிறாள். நகை, மெல்லிய சேலை, வாசனை. பாதிரி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். கையிலிருந்த பிரம்பால் அவள் கொண்டையைக் குத்துகிறார். குடும்பப் பெண்ணா நீ, தாசியா என்று கேட்டு, எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார்.

சலனப்பட்டது யார் என்று எழுதவில்லை. குத்து வாங்கியது யார் என்று எழுதியிருக்கிறது.

கண்ணைப் பிடுங்கிப் போடு என்று மத்தேயு 5இல் சொல்லியிருப்பது பார்க்கிறவனுக்கு. பார்க்கப்படுகிறவளுக்கு அங்கே ஒரு புத்திமதியும் இல்லை.

தாவீது படுக்கையிலிருந்து எழுந்து சாயங்காலம் மாடியில் உலாத்தியபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தான். ராஜாக்கள் போருக்குப் போகிற பருவம் அது. இவன் போகவில்லை. பார்த்தான், விசாரித்தான், ஆளனுப்பினான், வரவழைத்தான். 2 சாமுவேல் 11. எந்த இடத்தில் கோடு போடுவது?

யோசேப்பு மேலாடையை எஜமான் மனைவியின் கையில் விட்டுவிட்டு ஓடினான். ஓடினவனுக்குச் சிறை. தாவீது அரண்மனையிலேயே இருந்தான்.

மிக்கேல் சம்மனசு சுரூபம். காலடியில் பசாசு. சம்மனசு ரோஸ் நிறம். பசாசு கறுப்பு, மீசை, சுருட்டை முடி. பெயின்ட் அடித்தவர் உள்ளூர்க்காரர்தான். திருவிழாவுக்கு மறுபடி அடித்தபோதும் டப்பாவில் அதே கறுப்பு.

கெத்செமனியில் தூங்கிப்போன சீடர்கள் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. சோதனையில் விழாதபடி விழித்திருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தூங்கிவிட்டார்கள். களைப்பு.

திண்டிவனம், 1890களின் தொடக்கம். அமெரிக்க ஆற்காடு மிஷன் பங்களா. ஐடா ஸ்கடருக்கு இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர், தங்க வந்தவர் இல்லை. இந்தியா வேண்டாம் என்பதில் தெளிவு. சின்ன வயதில் 1877 பஞ்சத்தைப் பார்த்தவர், எலும்பும் தோலுமான பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்தவர். திரும்பிப் போய் நிம்மதியாக வாழ வேண்டும். இந்த ஆசையில் என்ன தப்பு?

ஒரே இரவில் மூன்று பேர் வருகிறார்கள். ஒரு பிராமணர். ஒரு முஸ்லிம். பிறகு இன்னொரு சாதி இந்து. மூன்று வீட்டிலும் பிரசவம், குழந்தை வரவில்லை.

அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர். அதே பங்களாவில் இருக்கிறார். அவர் வரட்டுமா என்றால், ஆம்பளை வரக்கூடாது. நீ வா.

தெரிந்தவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவருக்குத் தெரியாது.

விடிந்ததும் சாவு மேளம். ஆளனுப்பி விசாரித்தால் மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

செய்யத் தெரிந்த நல்லதைச் செய்யாமல் விடுவதையும் யாக்கோபு பாவத்தில்தான் சேர்க்கிறார். ஐடாவுக்குத் தெரியாது. ஆகவே பாவம் இல்லை. அப்பாவைக் கூப்பிடவில்லை. ஆகவே அவருக்கும் இல்லை. கணவர்கள் ஊர் வழக்கப்படி நடந்தார்கள். நடுராத்திரியில் எழுந்து மிஷன் பங்களா வரை வந்திருக்கிறார்கள், அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது.

மூன்று பிணம். ஒருவர் பெயரிலும் எழுத முடியவில்லை.

வந்த மூன்று கணவர்களின் சாதியும் மதமும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். செத்த மூவரின் பெயர் கதையில் வராது.

ஐடா 1899இல் கார்னெலில் டாக்டர் பட்டம். 1900இல் வேலூர். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே இப்போது ஆஸ்பத்திரிதான். திண்டிவனத்தில் பஸ் ஏறி வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள், கையில் ஸ்கேன் கவர்.

1850, சென்னை மிஷனரி மாநாடு. ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதற்கு அத்தாட்சி என்ன? யார் சமைத்தாலும், யார் பக்கத்தில் இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆற்காடு மிஷன் ஸ்கடர்களும் இதில் கறார்.

லுத்தரன்காரர்களின் லைப்சிக் மிஷன் அவ்வளவு கறார் இல்லை. அதனால் அதன் மிஷனரி கார்ல் ஆக்ஸ் பிரிந்து வந்தார். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்ற மிஷன் நிலையம். டேனிஷ் மிஷன் இங்கே கால் வைத்தது அப்படித்தான். விழுப்புரம்-கடலூர் ரயில் பாதையில் வரும் ஊர்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829லேயே எதிர்த்து எழுதிவிட்டார். சாதியை விட்டால்தான் ஆயிற்று என்று நெருக்குவது புதுப் பாதிரிகளின் அட்டூழியம் என்பது அவர் கட்சி. பெரிய கவிராயர். பக்திமான். அவர் கீர்த்தனைகள் பாடாத சபை இல்லை. இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு உறுத்தலும் தெரியவில்லை.

உறுத்தல் இல்லை. அடிக்கோடு.

ஏவாள்கூடக் கொஞ்சம் நின்றாள். பழத்தைப் பார்த்தாள், யோசித்தாள், பாம்போடு வாதாடினாள். வடைப் பையனுக்கு உறுத்தியதால்தான் எழுந்து கேட்டான். திண்ணைக்கு வந்தவருக்கு வேறு டம்ளரை எடுக்கிற கை? அது நிற்பதே இல்லை. பேசிக்கொண்டே, வெயிலைப் பற்றி விசாரித்துக்கொண்டே, சரியான டம்ளருக்குப் போய்விடுகிறது. சாத்தான் வரவில்லை. சம்மதம் கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். பொய் சொன்னாயா? பூசைக்குப் போகாமல் விளையாடினாயா? தம்பியை அடித்தாயா? பென்சில் திருடினாயா?

எந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாட மாட்டாய்? தாளில் இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

நவம்பர் 2003. ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது திருச்சபைக்கே விரோதம் என்ற பொருளில் பேசினார். ஆயர்கள் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

10 பிப்ரவரி 2008. தவக்காலம் முதல் ஞாயிறு. அன்று எல்லாக் கத்தோலிக்கக் கோயிலுக்கும் மத்தேயு 4. பாலைவனம், அப்பம், கோயில் உச்சி, 91ஆம் சங்கீதம்.

9 மார்ச் 2008. ஐந்தாம் ஞாயிறு. எறையூர். பெரிய கோயில், ஜெபமாலை மாதா. தலித் கிறிஸ்தவர்கள் சகாய மாதா பெயரில் தனிப் பங்கு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு வரும் பாதை, சாவு ஊர்வலம், கல்லறை, எல்லாவற்றிலும் பாகுபாடு என்பது பல கால முறையீடு. வன்னியக் கிறிஸ்தவர்கள் புகுந்து தாக்கினார்கள். வீடுகள் சேதம். போலீஸ் சுட்டது. 2 பேர் சாவு.

இரண்டு தரப்பும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இரண்டு தரப்பிலும் அன்று கறி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்குக் குறித்த வாசகங்கள்: எசேக்கியேல் 37, கல்லறைகளைத் திறப்பது பற்றி. யோவான் 11, லாசருவின் கல்லறை.

எறையூர் அப்போது விழுப்புரம் மாவட்டம். 2019இல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். எறையூர் இருக்கும் உளுந்தூர்பேட்டை வட்டம் அந்தப் பக்கம் போயிற்று. விழுப்புரம் கணக்கில் அது இப்போது வராது.